180 மின்னஞ்சல், நான்கு பதில்: போஸ்ட்டாக் தேடும் வாசகிக்கு

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 33. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் கீழுள்ள கல்லூரியில் இயற்பியலில் பிஎச்டி முடித்திருக்கிறார். ஆய்வேட்டைக் கொடுத்து எட்டு மாதமாகியும் வைவா (வாய்மொழித் தேர்வு) நடக்கவில்லை. ஆய்வு, சூப்பர்கெப்பாசிட்டருக்கான (மின்னாற்றலை வேகமாகச் சேமித்துத் தரும் சாதனம்) மின்முனைப் பொருட்கள் பற்றியது. குறிப்பாக நிக்கல் கோபால்ட் சல்ஃபைடு. ஏழு கட்டுரைகள் வந்திருக்கின்றன, மூன்றில் அவர்தான் முதல் ஆசிரியர். ஓராண்டாகக் கொரியா, ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா என்று 180 பேராசிரியர்களுக்கு, போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை) கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். வந்த பதில்கள் நான்கு. நான்கிலும் "இப்போது இடமில்லை" என்ற ஒரே வரி. கைடிடம் (ஆய்வு வழிகாட்டி) பரிந்துரைக் கடிதம் கேட்டால் "வைவா முடியட்டும், பார்க்கலாம்" என்கிறாராம். இதற்கிடையே ஒரு கன்சல்டன்சிக்காரர், கொரியாவில் போஸ்ட்டாக் உறுதி, மொத்தம் 1,20,000 ரூபாய், முதலில் 50,000 கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை செய்கிறார், மகளுக்கு நான்கு வயது. பக்கத்து ஊர்ப் பொறியியல் கல்லூரியில் 25,000 சம்பளத்துக்கு அடுத்த மாதமே சேரச் சொல்கிறார்கள். "நான் ஐஐடி இல்லை, வயதும் போய்விட்டது, பட்டமும் கையில் இல்லை. நகையை வைத்துப் பணம் கட்டிவிடட்டுமா, இல்லை இத்தோடு ஆராய்ச்சியை மறந்துவிடட்டுமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள தோழி,

முதலில் அவசரமான விஷயம். அந்த 50,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன், ஆனால் கடிதத்தின் மற்றப் பகுதியைப் படிப்பதற்குள் யாராவது ஜிபேயில் அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக இதை இங்கேயே எழுதுகிறேன்.

நானும் மின்வேதியியல் ஆள்தான். வெளிநாட்டில் இரண்டு ஆய்வகங்களில் போஸ்ட்டாக் ஆக இருந்துவிட்டு, இப்போது ஆய்வு மாணவர்களுக்கு அடுத்த கட்டத்துக்கான ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய மாதிரி மின்னஞ்சலையும் பயோடேட்டாவையும் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தையும் படித்தேன். படித்தபின் எனக்குத் தோன்றியது இதுதான்: உங்கள் ஆராய்ச்சியில் பெரிய குறை இல்லை, நீங்கள் அதை அறிமுகப்படுத்தும் விதத்தில் இருக்கிறது.

போஸ்ட்டாக் ஒரு வேலை

நம் ஊரில் போஸ்ட்டாக் என்பதை பிஎச்டிக்கு மேலே இன்னொரு பட்டம் போலவே பேசுகிறார்கள். பெயருக்குப் பின்னால் பிடிஎஃப் (போஸ்ட்டாக்டரல் ஃபெலோ) என்று போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அது பட்டம் கிடையாது. ஒரு பேராசிரியருக்கு ஒரு திட்டத்துக்குப் பணம் வந்திருக்கிறது, அதை இரண்டு மூன்று வருஷத்தில் முடித்துக் காட்ட வேண்டும், அதற்குக் கையில் தொழில் உள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் போஸ்ட்டாக். இதைப் புரிந்துகொண்டால் மின்னஞ்சலின் தொனியே மாறிவிடும். நீங்கள் அங்கே அட்மிஷன் கேட்டுப் போகவில்லை, அவருடைய ஒரு சிக்கலைத் தீர்த்துத் தரக்கூடிய ஆளாகப் போகிறீர்கள்.

நான் போஸ்ட்டாக் ஆக இருந்த ஆய்வகத்தில், வரும் விண்ணப்பங்களைப் பேராசிரியர் எங்களுக்குத் திருப்பி அனுப்பி, "யாராவது தேறுவார்களா பார்" என்று கேட்பார். அப்போது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரு மின்னஞ்சலுக்கு நாங்கள் கொடுத்த நேரம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. உங்கள் மின்னஞ்சலில் பேராசிரியரின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், கொஞ்சம் பெரிதாக, சாம்பல் நிறத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டியது அப்படியே தெரிகிறது. அதைப் பார்த்ததுமே இது நூறு பேருக்குப் போனது என்று எவருக்கும் புரிந்துவிடும். அடுத்த வரியில் "தங்களின் உலகப் புகழ்பெற்ற ஆய்வகத்தில் தங்கள் மேலான வழிகாட்டுதலின் கீழ்ப் பணிபுரிய மிகவும் ஆர்வமாக உள்ளேன்" என்ற பொருளில் எழுதியிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை. பயோடேட்டா பதினொரு பக்கம். அதில் அப்பா பெயர், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், ஒருநாள் பயிலரங்கில் கலந்துகொண்ட சான்றிதழ்கள் எல்லாம் இருக்கின்றன. உங்கள் முதல் ஆசிரியர் கட்டுரைகள் ஏழாம் பக்கத்தில்தான் வருகின்றன. தயவுசெய்து பாஸ்போர்ட் எண்ணை இன்றே எடுத்துவிடுங்கள், முகம் தெரியாத 180 பேரிடம் அது போயிருக்கிறது.

இது உங்கள் தவறு இல்லை. சீனியர்கள் கொடுத்த மாதிரியைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், அந்த மாதிரி எத்தனை கை மாறி வந்ததோ.

இனி 180 பேர் வேண்டாம், 15 பேர் போதும். ஒவ்வொருவருடைய கடந்த இரண்டு வருஷக் கட்டுரைகளில் இரண்டையாவது உண்மையிலேயே படியுங்கள். ஒரு கடிதத்துக்கு இரண்டு நாள் ஆகட்டும். உங்களிடம் சொல்ல நல்ல விஷயம் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில், 5,000 முறை மின்னேற்றி இறக்கும் சுழற்சிக்குப் பிறகு திறன் ஏன் குறைகிறது என்று தோண்டிப் பார்த்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சல்ஃபைடு மெல்ல மெல்ல ஹைட்ராக்சைடாகவும் ஆக்சிஹைட்ராக்சைடாகவும் மாறுவதை எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிரால் பொருளின் பரப்பை ஆராயும் முறை) வைத்துக் காட்டியிருக்கிறீர்கள். இந்தத் துறையில் நிறையப் பேர் முதல் சுழற்சியின் அழகான எண்ணைக் காட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள், நீங்கள் நிறுத்தவில்லை. ஆனால் 180 மின்னஞ்சலில் ஒன்றில்கூட இதைச் சொல்லவில்லையே!

மின்னஞ்சலின் முதல் பத்தி இப்படி இருக்கலாம்: "உங்கள் சென்ற ஆண்டுக் கட்டுரையில், காரக் கரைசலில் மின்முனைப் பரப்பு மாறுவதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். என் ஆய்வில் நிக்கல் கோபால்ட் சல்ஃபைடில் இதே மாற்றத்தை 5,000 சுழற்சி வரை பின்தொடர்ந்தேன். பரப்பில் கந்தகம் குறைவதும் மின்மறுப்பு ஏறுவதும் சேர்ந்தே நடந்தன. நீர்ப்பகுப்பு மின்முனைகளில் உங்கள் குழு செய்யும் நீண்டகாலச் சோதனைகளுக்கு இந்த அணுகுமுறை உதவும் என்று நினைக்கிறேன்." அவ்வளவுதான். அடுத்த பத்தியில் நீங்கள் யார், எந்தக் கருவிகளைத் தனியாகக் கையாள முடியும், எப்போது வர முடியும். கடைசியில் ஒரு நேரடிக் கேள்வி: வரும் ஆண்டில் இடம் இருக்கிறதா, அல்லது ஃபெலோஷிப் (ஆய்வாளருக்கான ஆராய்ச்சி உதவித்தொகை) ஒன்றுக்குச் சேர்ந்து விண்ணப்பிக்க விருப்பமா? மொத்தம் 200 சொல்லைத் தாண்டக் கூடாது. பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரிடம் போங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. உங்கள் முதல் கட்டுரையில் இந்தப் பொருளின் திறனை ஃபாரட் பெர் கிராம் (மின்தேக்கிகளை அளக்கும் அலகு) கணக்கில் கொடுத்திருக்கிறீர்கள். நிக்கல், கோபால்ட் சேர்மங்கள் காரக் கரைசலில் பேட்டரி போல நடந்துகொள்கின்றன, அதற்கு ஃபாரட் கணக்கு பொருந்தாது, கூலூம் அல்லது மில்லி ஆம்பியர் மணி (சேமித்த மின்னூட்டத்தின் அலகுகள்) கணக்கில்தான் சொல்ல வேண்டும் என்ற வாதம் பத்து வருஷத்துக்கு மேலாக இந்தத் துறையில் நடக்கிறது. நேர்காணலில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். "அன்று அப்படி எழுதினேன், இன்று எழுதினால் கூலூமில் எழுதுவேன், காரணம் இது" என்று நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் மதிப்பு கூடும். மின்முனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பொருள் பூசினீர்கள் என்பதையும் கேட்பார்கள், எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

சூப்பர்கெப்பாசிட்டர் என்ற சொல்லோடு மட்டும் தேடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். சோடியம் அயனி பேட்டரி, துத்தநாக அயனி பேட்டரி, ஹைட்ரஜனுக்கான நீர்ப்பகுப்பு ஆகியவற்றில் ஆள் தேடும் குழுக்கள் அதிகம். மின்முனை பூசுவது, சைக்ளிக் வோல்டாமெட்ரி, இம்பீடன்ஸ், ஹைட்ரோதெர்மல் தயாரிப்பு எல்லாம் அங்கேயும் அதே வேலைதான்.

வயது, பட்டம், ஐஐடி

இந்த மூன்றிலும் உங்களுக்கு இருக்கும் பயத்தில் பாதி தேவையில்லாதது.

வயதை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு ஃபெலோஷிப்புகள் பெரும்பாலும் பிறந்த வருஷத்தைப் பார்ப்பதில்லை, பிஎச்டி முடித்து எத்தனை ஆண்டு ஆனது என்றுதான் பார்க்கின்றன. ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்பில் போஸ்ட்டாக் பிரிவுக்கு பிஎச்டி முடித்து 4 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் வழக்கமான ஃபெலோஷிப்பில் 6 ஆண்டு. உங்களுக்கு வைவாவே நடக்கவில்லை, அதாவது அந்தக் கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. நம் நாட்டின் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பில் (முன்பு செர்ப், இப்போது ஏஎன்ஆர்எஃப் என்ற மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பு நடத்துகிறது) வயது வரம்பு 35 என்பது உண்மை. ஆனால் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு இருக்கிறது. "இன்னும் இரண்டு வருஷம்தான்" என்று நீங்கள் எழுதியது இதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு.

பட்டம் கையில் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது என்பதும் சரியில்லை. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களை எடுக்கும் பேராசிரியர்கள் நிறைய. சேரும் நாளுக்குள் வைவா முடிந்து தற்காலிகச் சான்றிதழ் வந்தால் போதும் என்று நிபந்தனை வைப்பார்கள். தேசிய ஃபெலோஷிப்பிலும் ஆய்வேடு சமர்ப்பித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், பட்டம் வரும் வரை தொகை கொஞ்சம் குறைவாக இருக்கும்.

ஆனால் எட்டு மாதம் என்பது அதிகம், அதைச் சும்மா விடக்கூடாது. பிஎச்டி பற்றிய யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைகள், ஆய்வேட்டைக் கொடுத்த நாளிலிருந்து மதிப்பீடு முழுவதும் 6 மாதத்துக்குள் முடிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, கைடு வழியாக ஒரு கடிதமும் நேரடியாக ஒரு பிரதியும் அனுப்புங்கள். சண்டை போடும் தொனி வேண்டாம், வேலை வாய்ப்பு இதை நம்பி நிற்கிறது என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம்: ஆய்வேடு தேர்வாளர்களுக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, எத்தனை அறிக்கைகள் வந்துள்ளன, நினைவூட்டல் எப்போது போனது. தேர்வாளர் பெயரைக் கேட்காதீர்கள், தர மாட்டார்கள். தேதிகளைக் கேட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நான் பார்த்தவரை, அந்தக் கேள்வி அலுவலகத்துக்குள் போனாலே கோப்பு மேசை மாறிவிடுகிறது.

ஐஐடி விஷயத்தில் பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். பெயர் தெரிந்த நிறுவனம் என்றால் மின்னஞ்சலை இன்னும் பத்து விநாடி கூடுதலாகப் பார்ப்பார்கள், அது உண்மைதான். அந்தப் பத்து விநாடியை மேலே சொன்ன முதல் பத்தியாலும் வாங்கிக்கொள்ள முடியும். உங்கள் பட்டியலில் உள்ள ஏழு கட்டுரைகளில் இரண்டு, பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போடும் இதழ்களில் வந்தவை போலத் தெரிகின்றன. அவற்றை எடுத்துவிடுங்கள். ஐந்து நல்ல கட்டுரைகள் ஏழைவிடப் பெரியவை.

கைடு கடிதம் தராவிட்டால்

கைடின் பரிந்துரை இல்லாமல் போஸ்ட்டாக் தேடுவது சிரமம், ஏன் இல்லை என்று கேட்பார்கள். அதனால் உறவை முறித்துக்கொள்ளாதீர்கள். பொதுவாக ஒரு கடிதம் கேட்பதற்குப் பதிலாக, "இந்தத் தேதிக்குள் இந்த ஃபெலோஷிப்புக்கு உங்களிடம் நேரடியாகக் கேட்பார்கள், குறிப்புகளை நான் எழுதித் தருகிறேன்" என்று தேதியோடு கேளுங்கள். பெயர் தெரிந்த வாய்ப்பு ஒன்று முன்னால் இருக்கும்போது மறுப்பது கடினம். டாக்டரல் கமிட்டி உறுப்பினர்கள் இருவர் இருப்பார்களே, உங்கள் எக்ஸ்பிஎஸ் அளவீட்டுக்கு உதவிய வேறு நிறுவனத்து விஞ்ஞானி ஒருவரையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மற்ற இரண்டு கடிதங்களுக்கு இவர்களைக் கேளுங்கள். கருவி முன்னால் உங்களோடு உட்கார்ந்தவர் எழுதும் நான்கு வரிக்கு மதிப்பு அதிகம்.

கைடு பெயரில் ஒரு ஜிமெயில் முகவரி தொடங்கி நாமே கடிதத்தைப் பதிவேற்றிவிடலாம் என்று சில நண்பர்கள் யோசனை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அது ஆவண மோசடி. ஒரு நாள் அந்தப் பேராசிரியரும் உங்கள் கைடும் ஏதோ ஒரு மாநாட்டில் சந்தித்தால் எல்லாம் முடிந்தது. உண்மையான கடிதத்தைக்கூடக் கல்லூரியின் அதிகாரப்பூர்வ முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தக் கன்சல்டன்சி

போஸ்ட்டாக் இடத்துக்கு ஆள் எடுப்பது பேராசிரியர். அவர் உங்களோடு வீடியோவில் பேசாமல், உங்கள் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்காமல், நடுவில் ஒருவரை நம்பி உங்களுக்குச் சம்பளம் கொடுக்க மாட்டார். ஆகவே "உறுதி" என்ற சொல்லே பொய். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு உள்ளதா என்று மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். பதிவு பெற்றவரேகூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது. உங்களிடம் கேட்டது 1,20,000. ஏற்கெனவே ஏதாவது தொகை கொடுத்திருந்தால் தயங்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். இதை வெட்கமாக நினைக்கிற பெண்கள்தான் இவர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கிறார்கள்.

கொரியாவுக்கே போக ஆசையென்றால் வழி நேரடியானது. அங்கே பெரும்பாலான இடங்கள் பேராசிரியரின் திட்டப் பணத்திலிருந்து, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தமாக வருகின்றன. பிரெய்ன் பூல் என்ற அரசுத் திட்டமும் இருக்கிறது. ஹைப்ரெய்ன் தளத்தில் கொரிய மொழியிலேயே விளம்பரம் வரும், மொழிபெயர்ப்புக் கருவி வைத்துப் படித்துவிடலாம். ஆனால் உங்கள் குடும்ப நிலைக்கு ஒன்று யோசிக்க வேண்டும். ஆராய்ச்சி விசாவில் போகிறவரின் கணவருக்குக் கிடைக்கும் எஃப்-3 விசாவில், தனி அனுமதி இல்லாமல் அங்கே வேலை செய்ய முடியாது.

எங்கே தேடுவது, மகளோடு

உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் தொட்டது, "குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவள் என்று பேசுவார்கள்" என்ற வரி. விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று யார் சொன்னது? குடும்பத்தோடு வருகிறவர்களை மனத்தில் வைத்தே சில ஃபெலோஷிப்புகள் வகுக்கப்பட்டிருக்கின்றன.

ஹம்போல்ட் ஃபெலோஷிப்பில் உடன் வரும் கணவருக்கும் குழந்தைக்கும் தனிப்படி உண்டு. காலம் 6 மாதத்திலிருந்து 24 மாதம் வரை. ஜெர்மனியில் உங்கள் கணவர் வேலைக்கும் போகலாம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் பகல் பராமரிப்பு இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் சட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் இடம் கிடைக்கப் பல மாதம் காத்திருக்க நேரும், அதனால் பேராசிரியர் சரி என்றதுமே விண்ணப்பித்துவிட வேண்டும். பெர்லின் போன்ற இடங்களில் அதற்குக் கட்டணமும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி ஃபெலோஷிப்பும் குடும்பப்படி தருகிறது. பெரும்பாலும் செப்டம்பரில் விண்ணப்பம் முடியும், முடிவு பிப்ரவரி வாக்கில் வரும். விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில், போகப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது முக்கிய விதி, உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. போட்டி கடுமை, விண்ணப்பம் எழுதவே மூன்று மாதம் பிடிக்கும். ஆனால் வசந்த காலத்தில் பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் "எங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்க ஆள் தேவை" என்று யூராக்ஸஸ் தளத்தில் அறிவிப்பு போடும். பேராசிரியருக்கே ஆள் தேவைப்படும் அந்த நேரம்தான் உங்கள் மின்னஞ்சலுக்கு நல்ல நேரம். சம்பள வேலைகளும் அதே தளத்தில் வருகின்றன, ஜப்பானுக்கு ஜெரெக்-இன் என்ற தளம் இருக்கிறது. ஜேஎஸ்பிஎஸ் ஃபெலோஷிப் மாதம் 3,62,000 யென். அதற்கு ஜப்பானில் உள்ள பேராசிரியர்தான் விண்ணப்பிக்க வேண்டும், எனவே அவரைப் பிடிப்பதே முழு வேலையும். அங்கே சார்பு விசாவில் இருப்பவர் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம்.

அமெரிக்காவை இப்போதைக்கு முதலிடத்தில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. போஸ்ட்டாக்குகள் பெரும்பாலும் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில்தான் போகிறார்கள். தாய்நாட்டுக்குத் தேவையான திறன்கள் என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியல் காரணமாக, விசா முடிந்ததும் இரண்டு ஆண்டு ஊர் திரும்பி இருந்தாக வேண்டும் என்ற விதியிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது நல்ல செய்தி (அரசுப் பணத்தில், உதாரணமாக ஃபுல்பிரைட்டில் போனால் அந்த விதி இன்னும் உண்டு). ஆனால் 2025இல் அங்கே ஆராய்ச்சிப் பணம் பல இடங்களில் வெட்டப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான புதிய ஹெச்-1பி (வேலை விசா) மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்றும் அறிவித்தார்கள். ஜே-1 முடிந்தபின் என்ன என்ற கேள்விக்கு முன்பிருந்த எளிய பதில் இப்போது இல்லை.

எந்த இடம் வந்தாலும், சரி என்று சொல்லும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை:

1. சம்பளம் எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது, அந்தத் திட்டத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம்?
2. இது பணி ஒப்பந்தமா, உதவித்தொகையா? உதவித்தொகை என்றால் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவை சேராமல் போகலாம், கையில் வரும் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது.
3. முன்பு அந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே? அவரோடு பேசலாமா?

மூன்றாவது கேள்விக்குப் பேராசிரியர் முகம் சுளித்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் ஆய்வகத்தில் இதை நான் கேட்கவில்லை. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு முன்பு இருந்த இரண்டு பேரும் ஒரு வருஷத்துக்குள் கிளம்பியிருந்தார்கள்.

25,000 சம்பள வேலை

இதில் உங்கள் வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது, அதனால் கவனமாகவே சொல்கிறேன். வீட்டில் பணம் அவசியம் என்றால் சேருங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் கல்லூரியாக இருந்தால் சேராதீர்கள். சில தனியார் கல்லூரிகளில் இந்தப் பழக்கம் இருக்கிறது, வெளியே வாய்ப்பு வரும்போது அந்தக் காகிதத்துக்காகக் கெஞ்ச வேண்டியிருக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு என்றும் கேளுங்கள்.

நீங்கள் யோசிக்காத ஒரு வழி இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, உங்கள் துறைக்கு நாட்டிலேயே முக்கியமான இடங்களில் அது ஒன்று, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். கடிதத்தில் நான்கு நாடுகளின் பெயர் இருக்கிறது, காரைக்குடி இல்லை! சென்னை ஐஐடியில் நிறுவனத்தின் சொந்த போஸ்ட்டாக் ஃபெலோஷிப் இருக்கிறது. தேசிய ஃபெலோஷிப்பை இவற்றில் எங்கும் வைத்துக்கொள்ளலாம், உங்கள் பிஎச்டி கைடு மட்டும் அதில் மெண்டராக இருக்க முடியாது. வைவா முடிந்துவிட்டால், அரசுத் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட் முதல் நிலைக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 58,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. 25,000க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். உள்நாட்டு போஸ்ட்டாக் என்றால் இரண்டாந்தரம் என்று நினைக்கிறார்கள். நல்ல ஆய்வகத்தில் இரண்டு வருஷம் இருந்து, ஒரு வலுவான கட்டுரையோடும் புதிய பரிந்துரையாளரோடும் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கைடு கடிதம் தராத சிக்கலும் அதில் பாதி தீர்ந்துவிடும்.

ஆகவே என் வரிசை இது: இந்த வாரம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம். அடுத்த இரண்டு வாரத்தில் பயோடேட்டாவை மூன்று பக்கமாகச் சுருக்குவது. அப்புறம் உள்நாட்டில் ஐந்து பேர், ஜெர்மனியில் ஐந்து பேர், ஜப்பானில் ஐந்து பேர். கணவரிடம் அவர் வங்கியில் சம்பளமில்லா நீண்ட விடுப்பு உண்டா என்று எழுத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள், அந்தப் பதில் தெரியாமல் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் எல்லாம் வீண். நீங்கள் வெளிநாடு போவதில் மாமியாருக்குத் தயக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் ஜெர்மனியின் குழந்தைப் பராமரிப்புப் பள்ளிகளின் படங்களைக் காட்டிப் பேசிப் பாருங்கள், அவருடைய கவலை பேத்தியைப் பற்றியது, உங்கள் ஆராய்ச்சிக்கு எதிரானது என்று எனக்குத் தோன்றவில்லை.

புதிய மின்னஞ்சலின் முதல் வரைவை அனுப்பும் முன் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். பேராசிரியரின் பெயரைக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.